காத்திருப்பில் ஏழு பின்னூட்டங்கள்

தட்டில் கொட்டி எண்ணினால் இருபத்தாறு. மறுபடி எண்ணினாலும் இருபத்தாறுதான். மாத்திரை என்ன, குட்டியா போடும்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் பதின்மூன்று நாள். அதற்குமேல் என்ன என்று நினைக்கும்போதெல்லாம் கறையக்கா தட்டை இழுத்து இன்னொரு தடவை எண்ணினாள்.

கறையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் ஒரு சலவைக்கடையின் முன்மேசையில் உட்கார்ந்து துணியை வாங்கிச் சீட்டு எழுதித் தருகிறவள். மனிதர்கள் தங்கள் உடுப்பில் எதையெல்லாம் கொட்டிக்கொள்கிறார்கள் என்று பதினொரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, எந்தக் கறைக்கு எது மருந்து என்று ஒரு வலைப்பதிவு எழுதி வந்தாள். பேனா மை, துரு, கிரீஸ், பெயிண்ட் என்று பதிவு பதிவாக. வாசகர்கள் முப்பது பேர் தேறினால் அதிகம். அதில் யாரோ ஒரு புண்ணியவான் 'கறையக்கா' என்று கூப்பிடப் போக, அது ஒட்டிக்கொண்டது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். வலிப்பு. மூன்று வகை மாத்திரை கொடுத்துப் பார்த்து, மூன்றும் கைவிட்டு, நாலாவதாக வந்த இந்த மாத்திரையில்தான் அது அடங்கியது. ஒன்றரை வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடி வந்தாள். அதற்கே கறையக்கா அழுதாள். இப்போது அந்த மாத்திரையைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்திவிட்டது.

"நாலு மொத்தக் கடைக்குப் போன் போட்டுட்டேம்மா, எங்கயும் இல்ல. இத வாங்குறவங்களே ரொம்பக் கம்மி, அதான் நிறுத்திட்டாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். ஒன்றரை வருஷமாகப் பார்க்கிற மனுஷர். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

டாக்டர் வேறு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் அதோடு ஒரு கொக்கியும் போட்டார். "திடீர்னு மாத்த முடியாது. புது மாத்திரை உடம்புல பிடிக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அது வரைக்கும் பழசும் கூடவே ஓடணும். இன்னும் ஒரு அறுபது எப்படியாவது தேத்திடுங்க. பழச சட்டுனு நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். முந்தைய மாத்திரை ஓடிய காலத்தில் ஒரு தடவை ஊருக்குப் போன இடத்தில் மாத்திரைப் பையை மறந்துவிட்டு வந்து, ஒன்றரை நாளில் பட்ட பாடு போதும். அறுபது மாத்திரை. ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். அதற்கு அவளும் புருஷனும் ஏறாத கடை இல்லை. புருஷன் லிப்ட் மெக்கானிக். போகிற கட்டடத்தில் எல்லாம் கீழே மருந்துக்கடை இருந்தால் சீட்டை நீட்டினான். மூன்று நாள் இப்படியே போனது. பிறகுதான், முப்பது பேர் படிக்கிற வலைப்பதிவாவது இருக்கிறதே என்று அவளுக்கு உறைத்தது. மாத்திரையின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, 'யாரிடமாவது மீதம் இருந்தால் தயவுசெய்து தாருங்கள், என் மகளுக்கு' என்று எழுதி வெளியிட்டாள்.

நாத்தனார் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணி, நீங்க பாட்டுக்கு வீட்டுக்குள்ள உக்காந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? திரட்டின்னு சில தளங்க இருக்கு. யார் எங்க புதுசா எழுதினாலும் அவங்க பட்டியல் போடுவாங்க. நீங்க 'வெளியிடு'ன்னு அமுக்கின உடனே உங்க பதிவு போய் அவங்க கதவத் தட்டி, 'இங்க புதுசு வந்திருக்கு, வந்து பாருங்க'ன்னு சொல்லணும். அதுக்குப் பேரு பிங். இந்தக் கட்டத்துல அவங்க முகவரிய எழுதிவெச்சாப் போதும், மத்தது தானா நடக்கும்."

நாலு முகவரி எழுதிக் கொடுத்தாள்.

"நாலு போதுமா?"

"நாலே அதிகம் அண்ணி. மாத்திரைப் பேர ஆயிரம் பேர் பாத்து என்ன பண்ணப் போறாங்க? சரியான ஆள் ஒருத்தர் பாத்தாப் போதும்."

நாலு போதும் என்று சொல்ல நாத்தனாருக்கு என்ன, தினம் தட்டில் கொட்டி எண்ணுகிறவளா அவள்? அவள் போனதும் கறையக்கா தேட ஆரம்பித்தாள். 'உங்கள் பதிவை உலகமே பார்க்க' என்று எவனோ ஒரு பட்டியல் போட்டிருந்தான். தொண்ணூற்று மூன்று முகவரிகள். பாதிக்கு மேல் என்ன மொழி என்றே தெரியவில்லை. இருந்தால் என்ன? மாத்திரைக்கு மொழி உண்டா? அத்தனையையும் அப்படியே வாரிக் கட்டத்துக்குள் கொட்டினாள். கட்டம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

வெளியிட்டதும் ஒரு திரட்டியின் பக்கத்தில் அவள் தலைப்பு எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷத்தில் வேறு யாரோ எழுதிய கவிதை அதைக் கீழே தள்ளியது. பிறகு ஒரு கார் விமர்சனம். பிறகு யாரோ பூனை வளர்த்த கதை. அரை மணியில் அவள் குழந்தையின் மாத்திரை பக்கத்தை விட்டே போய்விட்டது. பூனைக்காரன் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பழைய பதிவையே திறந்து ஒரு கமாவை எடுத்துவிட்டுச் சேமித்தாலும் பிங் போகிறது, தலைப்பு மறுபடி மேலே ஏறுகிறது. சரிதான்! கடையில் ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவே கமாவை எடுத்தாள். அடுத்த பேண்ட்டுக்குப் பிறகு அதே கமாவைப் போட்டாள். 'இன்னும் 26 மாத்திரைதான் இருக்கிறது' என்பதை 25 ஆக்கினாள், 24 ஆக்கினாள். 'தயவுசெய்து' என்பதை இரண்டு தடவை எழுதினாள், பிறகு மூன்று. மதியத்துக்குள் பதினாலு முறை, கடை மூடுவதற்குள் முப்பது முறை. ஒவ்வொரு முறையும் தொண்ணூற்று மூன்று கதவு. ஒரு பட்டுப் புடவையின் சீட்டை யாரோ ஒருவரின் கோட்டில் குத்தி அனுப்பிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது அவள் காதில் விழவே இல்லை.

நாலு நாளில் ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. அவசரமாகத் திறந்தாள். 'துருக் கறைக்கு எலுமிச்சை போதுமா அக்கா?'

அந்த ஆளைக் கண்டால் அறைந்திருப்பாள். ஆனாலும், 'போதும், உப்பும் சேர்த்துத் தேய்த்து வெயிலில் காய வையுங்கள்' என்று பதில் எழுதினாள். பதினொரு வருஷப் பழக்கம் விடுமா?

ஐந்தாம் நாள் காலையில் எந்தத் திரட்டியிலும் அவள் தலைப்பு இல்லை. கமாவை எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். ஒன்றும் அசையவில்லை. தட்டில் பதினெட்டு இருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் வந்து திரையைப் பார்த்தாள், கட்டத்துக்குள் இருந்த முகவரிகளைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது? தொண்ணூத்தி மூணா? ஒரு நாளைக்கு எத்தனை தடவ சேமிச்சீங்க?"

"முப்பது... சில நாள் கூட இருக்கும்."

"மாத்திரைப் பேரத் தலைப்புல வெச்சு, ஒரே நாள்ல முப்பது தடவ, தொண்ணூத்தி மூணு இடத்துல தட்டினா அது யாரு? கள்ள மாத்திரை விக்கிறவங்க அண்ணி! அவங்கதான் இப்படித் தட்டுவாங்க. அங்க ஆளா உக்காந்திருக்கு, உங்க கண்ணீரப் பாத்து இரக்கப்பட? எல்லாம் மெஷின். உங்களையும் அந்தக் கும்பல்ல சேத்து, கதவ அடைச்சிடுச்சு."

கறையக்கா பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் எட்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம். அவளே தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். தெரிந்த நாலு முகவரிக்காரர்களுக்கும் காலில் விழாத குறையாகக் கடிதம் எழுதினாள். ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'உங்கள் கோரிக்கை பதினைந்து வேலைநாள்களுக்குள் பரிசீலிக்கப்படும்.' ஒன்பது நாள் கையில் இருக்கிறவளுக்குப் பதினைந்து வேலைநாள்! சனி, ஞாயிறு சேர்க்காமல்!

"அழாதீங்க" என்றாள் நாத்தனார். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "இதுல ஒரு திரட்டி மட்டும் ஒரு நாள் தட்டாம இருந்தா தானாத் திறந்துடும். நாளை வரைக்கும் கைய மடியில வெச்சுக்கோங்க. அந்த ஒண்ணத் தவிர மத்தத எல்லாம் அழிச்சிடறேன். நாளைக்கு எப்பவும்போலக் கறையப் பத்தி ஒரு பதிவு எழுதுங்க. கடைசில மாத்திரையப் பத்தி நாலு வரி. ஒரே ஒரு தடவ வெளியிடுங்க. அப்புறம் கமாவத் தொட்டீங்க, பாருங்க!"

மறுநாள் பதினாறு. குட்டி சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்க, அவளுக்கு எதிரிலேயே கறையக்கா கறையைப் பற்றி எழுதினாள். என்ன கறை? மனதில் எதுவும் வரவில்லை. கடைக்கு வந்த ஒரு தலையணை உறைதான் ஞாபகம் வந்தது. வலி தைலம் ஊறி மஞ்சளாகிப் போனது. 'தலையணை உறையில் தைலக் கறை போக' என்று தலைப்பிட்டாள். முதலில் வெந்நீர் படக் கூடாது, மாவைத் தூவி எண்ணெயை இழுக்க விட வேண்டும், பிறகுதான் சோப்பு. உயிர் போகிற நேரத்தில் தலையணை உறைக்கு வைத்தியம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு வரிக்கும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கடைசியில் அந்த நாலு வரியைச் சேர்த்து, தன் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டு, ஒரே ஒரு தடவை அமுக்கினாள். அமுக்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை பட்டியலில் ஏறியது. மறுநாளே பின்னூட்டமும் வந்தது. அவள் வலைப்பதிவில் புதியவர்கள் எழுதுவது உடனே வெளியே தெரியாது. 'காத்திருப்பில்' என்று ஒரு பக்கத்தில் நிற்கும். அவள் பார்த்து 'அனுமதி' என்று அமுக்கினால்தான் வெளிவரும். திறந்தாள்.

'அம்மா, நான் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கிறேன். என் பெண்ணும் இதே மாத்திரைதான். தினமும் இதன் பெயரைத் தேடித் தேடி இன்று உங்கள் பதிவைக் கண்டேன். எங்களிடம் ஏழுதான் இருக்கிறது. உங்களுக்கு எங்காவது கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தால் நிச்சயம் உங்களுக்குச் சொல்கிறேன்.' கீழே ஒரு தொலைபேசி எண். 'இந்தப் பதிவு மாறினால் எனக்குத் தெரிவி' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தார்.

படித்ததும் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. தன்னைப் போல ஒருவர். அனுமதிப் பொத்தானுக்கு விரல் போனது. அங்கேயே நின்றது.

மாத்திரையின் பெயரைத் தேடுகிறவர்கள் யார்? மாத்திரை இல்லாதவர்கள்தான். வைத்திருப்பவன் எதற்குத் தேடப் போகிறான்? அவன் வீட்டு அலமாரியில் அது பாட்டுக்குக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒருவன் எப்படியோ வழி தவறி இங்கே வந்து சேர்ந்தால், அவன் கண்ணில் இந்தக் கடிதமும் பட வேண்டுமா? ஏழு வைத்திருப்பவரைப் பார்த்தபின் பதினாலு வைத்திருப்பவளுக்கு யார் கொடுப்பார்கள்?

விரலை எடுத்துவிட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இன்னும் இரண்டு வந்தன. அதற்கு மறுநாள் ஒன்று. பிறகு ஒரேயடியாக மூன்று. ஒரு அம்மா, ஒரு அண்ணன், தனக்காகவே கேட்ட ஒரு கல்லூரிப் பெண். எல்லோரும் அந்தப் பெயரைத் தேடி வந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் கொடுக்க வரவில்லை. ஏழு பேரும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். உலகத்தையே கூப்பிட்டாள், உலகம் வந்தது, கையை நீட்டிக்கொண்டு. ஏழையும் அவள் காத்திருப்பிலேயே நிறுத்தி வைத்தாள்.

"பின்னூட்டம் ஏதாவது வந்துச்சா அண்ணி?" என்று நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள்.

"ஒண்ணும் வரல."

சொன்ன பிறகு நாக்கு கசந்தது. தட்டில் எட்டு இருந்தது.

பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல். ஓய்வு பெற்ற நில அளவையாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெரியவர். 'என் மனைவியின் தலையணை உறையில் தைலக் கறை. அவள் போய் ஆறு வாரம் ஆகிறது. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல், வெளுக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் மாத்திரை அவள் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. பிரிக்கவில்லை. நாளை மதியம் வந்து பெற்றுக்கொள்ளலாம்.'

கறையக்கா அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை.

பெரியவர் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கொடியில் ஒரு தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது, முக்கால்வாசி வெளுத்து. அவர் மேசை மேல் பெட்டியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். பத்துப் பத்தாக ஆறு அட்டை. கறையக்கா காலாவதித் தேதியைப் பார்த்தாள். இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"உக்காரும்மா. கொழந்தைக்கு எத்தனை வயசு?"

"ஏழுங்க."

"ஏழா..." அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. எதையும் அளந்து பங்கு பிரித்தே பழகிய மனுஷர். கட்டைவிரலால் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "அறுபது இருக்கு. நானும் யோசிச்சேன். இது கெடைக்காம உன்ன மாதிரி எத்தனையோ பேர் தவிப்பாங்கல்ல? உனக்கு எழுதினவங்க வேற யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா எல்லாருக்குமாப் பிரிச்சுக் குடுத்துடலாம். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்."

ஏழு பேரும் அவள் கண்முன் வந்து நின்றார்கள். ஏழோடு அவளும் சேர்ந்தால் எட்டு. அறுபதை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழு, எட்டு. நாலு நாள். நாலு நாளில் எதுவும் நடக்காது. ஒருவர்கூடத் தப்ப மாட்டார்கள். டாக்டர் கேட்டது அறுபது. இந்தப் பெட்டியில் இருப்பதும் அறுபது. அளந்து வைத்த மாதிரி.

"இல்லைங்க" என்றாள். "வேற யாரும் எழுதல. நாங்க மட்டும்தான்."

"அப்படியா? அப்ப நீயே வெச்சுக்கம்மா" என்று பெட்டியை அவள் கையில் வைத்து, கையை மூடினார். அவர் கை சூடாக இருந்தது. அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். நன்றியில் தொட்டாளா, வேறு எதிலா என்று அவளுக்கே தெரியாது.

தெருவுக்கு வந்ததும் புருஷனுக்குப் போன் செய்தாள். "கெடைச்சிடுச்சுங்க. அறுபது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. "நீ பஸ்ஸு பிடிச்சு பத்திரமா வா. பைய மடியிலயே வெச்சுக்க" என்றான்.

பஸ்ஸில் அவளுக்குப் பசித்தது. பதினோரு நாளில் முதல் பசி. இறங்கியதும் பன் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றாள். மனசாட்சி என்று ஒன்று உறுத்தும் என்று எதிர்பார்த்தாள். உறுத்தவில்லை. குட்டிக்குக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மற்றதை யார் கேட்கப் போகிறார்கள்? யாருக்குத் தெரியும்?

வீட்டில் புருஷன் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். லிப்ட் பொத்தானைத் தவிர வேறு எந்தப் பொத்தானையும் நம்பாதவன். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க வந்து பாரேன். நானே பண்ணிட்டேன்! உன் பதிவுல மேலயே போட்டேன். 'மாத்திரை கிடைத்துவிட்டது. ஒரு பெரியவர் அறுபது கொடுத்தார். தேடிய எல்லோருக்கும் நன்றி'ன்னு. பாவம், நாலு பேர் நமக்காக அலைஞ்சிட்டிருப்பாங்கல்ல? அவங்களுக்குத் தெரியணும்ல? சேமின்னு அமுக்கினேன், போயிடுச்சு!"

அவள் கையிலிருந்த பை மேசையில் விழுந்தது.

திரட்டிக்குப் போனது போகட்டும். 'மாறினால் தெரிவி' என்று டிக் போட்ட ஏழு பேருக்கும் அந்த நொடியிலேயே மின்னஞ்சல் போயிருக்கும். அவர்கள் எழுதியதை அவள் வெளியே விடாவிட்டாலும் அந்த டிக் வேலை செய்யும். அறுபது என்று எண்ணிக்கையோடு போயிருக்கும். அவன் எழுந்து இடம் விட, அவள் உட்கார்ந்தாள். பதில்கள் வந்துவிட்டிருந்தன. 'அக்கா, அந்தப் பெரியவர் யார்? எண் தர முடியுமா?' 'பத்து மட்டும் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்.' கல்லூரிப் பெண் ஒன்றும் எழுதாமல் கேள்விக்குறியை மட்டும் அனுப்பியிருந்தாள்.

கடைசியாக சிக்னல்காரர். 'அம்மா, உங்கள் பெண்ணுக்குக் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். எங்கள் பெண்ணிடமும் சொன்னேன். அவளைப் போல ஒரு பாப்பாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று. சிரித்தாள்.'

அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டதைத் தாங்கிக்கொண்டவளால் இவர் கேட்காததைத் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் பதறிப் போய், "என்னம்மா, நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்றான்.

"இல்லங்க. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க."

காத்திருப்பில் இருந்த அவருடைய முதல் கடிதத்தைத் திறந்து, எண்ணைப் பார்த்துப் போன் செய்தாள். நாலு மணியடித்த பிறகு எடுத்தார். பின்னால் தள்ளுவண்டி ஓடும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"நான்தாங்க, கறை பத்தி எழுதறவ."

"அம்மா! சொல்லுங்கம்மா. கொழந்தை நல்லாருக்கால்ல?"

"உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"நேத்துக் காலையோட மாத்திரை முடிஞ்சுதும்மா. இன்னிக்கு விடியறதுக்குள்ள ரெண்டு தடவ வந்துடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். ஊசி போட்டிருக்காங்க. இப்ப முழிச்சிருக்கா. பாப்போம். ஒண்ணு கேக்கலாமாம்மா? நான் அன்னிக்கு உங்க பதிவுல எழுதினேன். அது உங்களுக்கு வந்துச்சா? பக்கத்துல தெரியவே இல்ல. நமக்கு இதெல்லாம் பழக்கம் இல்லையா, சரியா அனுப்பினேனான்னு தினம் போய்ப் போய்ப் பாத்தேன்."

பெட்டி மேசை மேல் பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் குட்டி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று சொல்லிவிடலாம். எங்கேயோ தொலைந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அந்த மனுஷர் நம்பிவிடுவார், தன்மேல்தான் தப்பு என்று தலையாட்டிக்கொள்வார்.

"வந்துச்சுங்க" என்றாள். "நாலு நாளைக்கு முன்னாடியே வந்துச்சு. நான்தான் வெளிய விடல. உங்களோடது மட்டும் இல்ல, ஏழு பேரோடதையும். அந்தப் பெரியவர் 'வேற யாராவது கேட்டாங்களா'ன்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

மறுமுனையில் தள்ளுவண்டி போய்விட்டது. மூச்சு மட்டும் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் வைத்துவிடவும் இல்லை, பேசவும் இல்லை. புருஷன் அவளையே பார்த்துக்கொண்டு சுவரோடு நின்றான்.

அவள் ஒரு கையால் பெட்டியை இழுத்து, மூன்று அட்டையை எடுத்து மேசையின் இந்தப் பக்கம் வைத்தாள். மூன்று அந்தப் பக்கம். முப்பது போதாது என்று டாக்டர் சொல்வார். இரண்டு குழந்தைக்கும் போதாது என்று சொல்வார். மற்ற ஆறு பேருக்கு என்ன எழுதப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்த வார்டுங்க?" என்றாள். "இப்பவே கிளம்பறேன்."

அவர் குரல் வந்தது. "மூணாவது மாடி" என்றார். "பதினாலாம் நம்பர் கட்டில்."